உள்ளே இருக்கிறவங்க முடிக்கட்டும்

ஆலையில் எல்லோரும் அவரை சர்வர் சார் என்றுதான் கூப்பிட்டோம். புதிதாகச் சேர்ந்தவர்கள் அவரைக் கேன்டீன் ஆள் என்று நினைத்து, சாம்பார் தீர்ந்துவிட்டது என்று அவரிடம் போய்ச் சொல்வதுண்டு. அவர் கோபப்பட மாட்டார். கேன்டீனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடும் என்பார். வந்தும் விடும்.

நான் அப்போது ஓசூரில், வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியின் டைம் ஆபீசில் இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று பார்ப்பதுதான் டைம் ஆபீசின் வேலை. எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். எதுவாக இருந்தாலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று முடிக்கவேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. அவர் எனக்கு நேர் எதிர். அவருக்குத் துண்டு பிடிக்கும், வெட்டு பிடிக்காது என்று நான் கேலி செய்வேன்.

முதல் அறிமுகமே சண்டையில் ஆரம்பித்தது. நான் சேர்ந்த வாரம் ஒரு போன். "மேடம், ப்ராக்ஸியில ஒரு சின்ன மாத்தம் இருக்கு. பதினோரு மணிக்குப் பண்ணிடறேன்" என்றது ஒரு குரல். டைம் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு ப்ராக்ஸி என்றால் ஒரே அர்த்தம்தான்: ஒருத்தன் கார்டை இன்னொருத்தன் பஞ்ச் பண்ணுவது. யார் பண்ணப் போகிறது, பேரைச் சொல்லுங்கள், கார்டைப் பிடுங்கிவிடுகிறேன் என்று கத்தினேன். அந்தப் பக்கத்திலிருந்து, "நான்தான் மேடம் பண்றேன்" என்றார். இவ்வளவு தைரியமாகத் திருட்டை ஒப்புக்கொள்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

அரை மணி நேரத்தில் ஒரு காகிதத்தோடு நேரில் வந்தார். மெலிந்த உடம்பு, முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, இன்னொன்று அது எழுதாவிட்டால் எழுத. காகிதத்தில் மூன்று கட்டம் போட்டுக் காட்டினார். ஒரு கட்டத்தில் எங்கள் கேட் மெஷின், டிஸ்பாட்ச் கம்ப்யூட்டர் எல்லாம். இன்னொரு கட்டத்தில் வெளியுலகம். தலைமை அலுவலகமும் அதில்தான் இருந்தது. நடுவில் ப்ராக்ஸி சர்வர். இங்கிருந்து எது போனாலும் நடுவிலிருப்பதைக் கேட்டுத்தான் போகவேண்டும், அங்கிருந்து எது வந்தாலும் அதைக் கேட்டுத்தான் வரவேண்டும். யாரை விடலாம், எங்கே அனுப்பலாம் என்று அதற்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. கேட்டில் கார்டைக் காட்டினால் பச்சை எரிவதும் சிவப்பு எரிவதும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான். ஓஹோ, செக்யூரிட்டி என்றேன். செக்யூரிட்டிதான், ஆனால் இது தூங்காது என்றார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் அது ஜோக் என்று எனக்கு உறைத்தது.

அவர் வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், ஆபீசில் தமிழ். சர்வரிடம் மட்டும் தெலுங்கில் பேசுவார். ஏன் என்று கேட்டேன். அதுவும் வீடு மாதிரிதானே என்றார். எதையாவது அவசரமாக மாற்றச் சொன்னால் அவர் வாயில் முதலில் வரும் வார்த்தை "உண்டனி". இருக்கட்டும் என்று அர்த்தம். பழசு இருக்கட்டும், பக்கத்தில் புதுசைச் செய்வோம், சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம், அப்புறம் மாற்றுவோம். மனிதருடைய வாழ்க்கையே இந்த ஒரு வார்த்தையில் ஓடியது.

டைம் ஆபீஸ் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று ஒருமுறை புகார் சொன்னேன். என் வேலைக்குக் கடிகாரம்தானே மூலதனம். புதுசு வாங்கி வந்தார். பழையதைக் கழற்றவில்லை, பக்கத்திலேயே இன்னொரு ஆணி அடித்து மாட்டினார். ஒரு வாரம் பார்ப்போம் என்றார். அந்த ஒரு வாரமும் என் ஆபீசில் இரண்டு நேரம் ஓடியது. லேட்டாக வந்தவர்கள் எல்லோரும் பழைய கடிகாரத்தைக் காட்டினார்கள், சீக்கிரம் கிளம்ப வேண்டியவர்கள் புதியதைக் காட்டினார்கள். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. எட்டாம் நாள் காலையில் வந்து, புதுசு சரியாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் பழையதை இறக்கினார்.

மூக்கண்டப்பள்ளியில் வீடு மாற்றும்போதும் இதே கதைதான். புது வீட்டுக்குப் போனபிறகும் பழைய வீட்டை ஒரு மாதம் விடவில்லை. தண்ணி வருகிறதா, கரண்ட் நிற்கிறதா, அக்கம்பக்கம் எப்படி என்று பார்க்கவேண்டுமாம். ஒரு மாதமும் பால்காரருக்கு எந்த வீட்டில் பால் ஊற்றுவது என்று புரியவில்லை. கடைசியில் இரண்டு வீட்டிலும் ஊற்றிவிட்டுப் போனார் என்று அவருடைய மனைவியே கேன்டீன் பொங்கல் விழாவில் சொல்லிச் சிரித்தார். அவரும் கூடவே சிரித்தார். கேலிக்கு அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் நான் பைத்தியக்காரத்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், பெங்களூரிலிருந்து ஓர் இன்ஜினீயர் வருகிறவரைக்கும். சர்வர் சார் லீவில் இருந்த சமயம். வந்தவர் நல்ல சுறுசுறுப்பு, எனக்குப் பிடித்த ரகம். ஓடிக்கொண்டிருக்கிற பட்டியலையே நேராகத் திறந்து, நேராகத் திருத்தினார். பாதியில் அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே சேவ் அழுத்திவிட்டார். ஆங்கில அகரவரிசையில் 'எம்' வரைக்கும்தான் பட்டியல் ஏறியிருந்தது. அன்றைக்கு மதிய ஷிஃப்டில் குமார்களும் முருகன்களும் ஜம்மென்று உள்ளே போனார்கள். பழனிகள், ராஜாக்கள், செல்விகள் எல்லோரும் சர்வீஸ் ரோட்டில் மழையில் நின்றார்கள். உங்கள் அப்பா உங்களுக்கு நல்ல பேர் வைக்கவில்லை என்று ஒரு முருகன் உள்ளேயிருந்து சொல்ல, கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிதடி ஆகிவிடும்போல இருந்தது.

லீவை விட்டுவிட்டு ஓடிவந்தார் சர்வர் சார். இன்ஜினீயரைத் திட்டவில்லை. பட்டியலைப் பக்கத்தில் முழுசாக எழுதினார். அதைச் சர்வரிடமே காட்டி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று கேட்டார். கேட்கலாமாம், அது சொல்லுமாம். பிறகு ஒரே நொடியில் பழையதன் இடத்தில் புதியதை வைத்தார். பாதி என்கிற நிலைமையே வரக்கூடாது மேடம், ஒண்ணு முழுப் பழசு, இல்ல முழுப் புதுசு என்றார். ராஜாக்கள் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். அன்றிலிருந்து அவரைக் கேலி செய்வதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. மாற்றம் செய்யும்போது சர்வரை நிறுத்த மாட்டார். ரீஸ்டார்ட் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. நிறுத்தினால், பாதி வேலையில் இருக்கிறவர்களின் தொடர்பெல்லாம் அறுந்துபோகும். காலையில் பஞ்ச் பண்ணி உள்ளே வந்தவர் வந்ததற்கே பதிவிருக்காது. அதனால் புதிதாக வருகிறவர்களுக்குப் புதுப் பட்டியல், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குப் பழைய பட்டியல், இரண்டும் கொஞ்ச நேரம் சேர்ந்தே ஓடும். உள்ளே இருக்கிறவங்க முடிக்கட்டும் என்பார். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர் இலையை யாராவது எடுப்பார்களா என்று கேட்பார்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு எச்.ஆர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் கொடுத்தார். முப்பத்தெட்டுப் பேர். எல்லோரும் இன்ஸ்பெக்ஷன் பகுதியில் ஒரு கான்ட்ராக்டர் மூலம் வேலை செய்கிற பெண்கள். அந்தக் கான்ட்ராக்டரை மாற்றியாகிவிட்டது. புதியவர் தன் ஆட்களைக் கொண்டு வருகிறார். இந்த முப்பத்தெட்டுக் கார்டுகளையும் இப்போதே எடுத்துவிடுங்கள், ஷிஃப்ட் முடிகிறவரைக்கும் யாருக்கும் சொல்லவேண்டாம் என்றார். நாளைக் காலை கேட்டில் சிவப்பு எரியும்போது அவர்களே தெரிந்துகொள்வார்களாம்.

நான் வெட்டு ஒன்று துண்டு இரண்டு ஆள் என்றேன் அல்லவா. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சர்வர் ரூம் போய்ச் சேர்வதற்குள் வழியில் இரண்டு முறை நின்றுவிட்டேன். அதிலிருந்த பெயர்களில் பாதிப் பேருக்கு எனக்கு முகம் தெரியும். சிலர் என்னை விடவும் பழையவர்கள்.

சர்வர் சார் பட்டியலை மூன்று முறை படித்தார். இதில் எத்தனை பேர் இப்போது உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டார். எல்லோரும் முதல் ஷிஃப்ட், முப்பத்தெட்டுப் பேரும் உள்ளேதான் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் புதுப் பட்டியலை எழுத ஆரம்பித்தார். வழக்கம்போலச் சோதித்தார். பதினொன்றே முக்காலுக்கு மாற்றினார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இவ்வளவுதானா நீங்கள் என்று மனசுக்குள் திட்டினேன். காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவளே நான்தான் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

நான் கதவுவரைக்கும் போனபிறகு கூப்பிட்டார். "மேடம், புதுப் பட்டியல் இனிமே உள்ள வர்றவங்களுக்குத்தான். இவங்க உள்ள இருக்காங்க இல்லையா, இவங்களுக்குப் பழசுதான் ஓடுது. பஞ்ச் பண்ணி வெளிய போனாத்தான் பேரு போகும். ஒரு ஆளு உள்ள இருந்தாக்கூட அந்த ஆளுக்காகப் பழைய பட்டியல் உயிரோட இருக்கும்."

தெரியும், சொல்லியிருக்கிறீர்கள் என்றேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே அதையே இன்னொரு முறை சொன்னார். சொன்னதைத் திருப்பிச் சொல்கிற ஆளில்லை அவர்.

சத்தியமாக நான் யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதான் கேன்டீனுக்குப் போனேன். மாதம்மா வந்து எதிரே உட்கார்ந்தார். அஞ்செட்டி மலைக்கு மேலே நாட்றாம்பாளையத்துக்காரர், இங்கே மூக்கண்டப்பள்ளியில் வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் இருந்துகொண்டு ஆறு வருஷமாக வேலைக்கு வருகிறார். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு கீறல் விழுந்த பாகம் வெளியே போனதில்லை. டப்பாவில் களி. சாப்பிட்டுக்கொண்டே, "ஏம்மா, வர்ற வாரம் எனக்கு செகண்ட் ஷிஃப்ட் போட்ராதீங்க. பாப்பா ஸ்கூல்ல மீட்டிங் வெச்சிகிறாங்க" என்றார்.

வருகிற வாரம். அந்த இரண்டு வார்த்தைக்கு என்னால் தலையாட்ட முடியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சொல்லிவிட்டேன். பட்டியல், புதுக் கான்ட்ராக்டர், நாளைக்குச் சிவப்பு, எல்லாம். சர்வர் சார் இரண்டு முறை சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால் தெரியாது, வாய் திறந்த பிறகு எதையும் மிச்சம் வைக்கிற பழக்கம் எனக்கில்லை.

மாதம்மா டப்பாவை மூடினார். "அப்ப நாங்க வெளிய போனாதான் எங்க பேரு போவுமா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப நாங்க போவல."

இரண்டரைக்கு ஷிஃப்ட் முடிந்தது. கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. முப்பத்தெட்டுப் பேரும் நேராக வந்து கேட்டுக்கு உள்பக்கம், டூ வீலர் ஷெட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் இல்லை, பேனர் இல்லை. பஞ்ச் மட்டும் பண்ணவில்லை. எச்.ஆர். மேனேஜர் ஓடிவந்து அவர்களை வெளியே அனுப்பச் சொன்னார். பஞ்ச் பண்ணாத ஆளை வெளியே விடக்கூடாது என்று நீங்கள்தானே சார் ஆர்டர் போட்டீர்கள் என்று செக்யூரிட்டி பவ்யமாகக் கேட்டார். அந்தச் செக்யூரிட்டியின் வீடும் மாதம்மாவின் லைனில்தான்.

மூன்றரைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. முப்பத்தெட்டுப் பெண்கள் ஷிஃப்ட் முடிந்தும் வேலையில் இருப்பதாக அவர்கள் திரையில் சிவப்புக் கோடு ஓடுகிறதாம், என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். மேனேஜர் சர்வர் ரூமுக்குப் பறந்தார். நானும் வருகைப் பதிவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வேடிக்கை பார்க்கத்தான்.

உங்கள் சர்வர் இவர்கள் உள்ளே இருப்பதாகக் காட்டுகிறது என்றார் மேனேஜர்.

"உள்ளதான் சார் இருக்காங்க" என்றார் சர்வர் சார்.

ரீஸ்டார்ட் பண்ணுங்கள் என்றார் மேனேஜர். ஒரு பொத்தானில் முப்பத்தெட்டுப் பேரும் காணாமல் போய்விடுவார்கள். மாதம்மாவின் ஆறு வருஷமும் போய்விடும்.

"பண்ணலாம் சார். இப்ப செகண்ட் ஷிஃப்ட் ஆளுங்க எல்லாரும் உள்ள வந்துட்டாங்க. அவங்க வருகையும் சேர்ந்து அழிஞ்சிடும். டிஸ்பாட்ச்ல நிக்கிற லாரிங்களுக்குப் பேப்பர் வராது. நீங்க சொன்னதா ஒரு மெயில் மட்டும் போட்டுடுங்க, அடுத்த நிமிஷம் பண்ணிடறேன்" என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டுக் காத்திருந்தார்.

மேனேஜர் லேப்டாப்பைத் திறந்தார். நாலு வார்த்தை அடித்தார், அழித்தார். மறுபடி அடித்தார். பிறகு மூடிக்கொண்டு ஜி.எம். அறைக்குப் போனார். எழுதிக் கொடு என்றால் நடுங்காத மேனேஜரை நான் எந்தக் கம்பெனியிலும் பார்த்ததில்லை.

ஷெட்டில் அவர்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். கேன்டீனிலிருந்து யாரோ டீ கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வேலையில் இருக்கிறவர்களுக்கு டீ கொடுத்தாக வேண்டும் என்பது விதி, பதிவுப்படி அவர்கள் வேலையில்தான் இருந்தார்கள். அஞ்சு மணிக்கு ஜி.எம். இறங்கி வந்தார். புதுக் கான்ட்ராக்டரையும் வரவழைத்தார். மாதம்மா எழுந்து நின்று பேசினார். மற்றவர்கள் உட்கார்ந்தே கேட்டார்கள். கீறல் பார்க்கத் தெரிந்த முப்பத்தெட்டுப் பேரை அனுப்பிவிட்டுத் தெரியாத முப்பத்தெட்டுப் பேரை வைத்தால், திரும்பி வரும் சரக்குக்கு யார் பதில் சொல்வது என்று அவர் கேட்டதும் புதுக் கான்ட்ராக்டர் ஜி.எம். முகத்தைப் பார்த்தார். ஆறு மணிக்கு எல்லோரையும் அதே வேலையில் தன் பெயரில் எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டார்.

சர்வர் சார் இன்னொரு பட்டியல் எழுதினார். முப்பத்தெட்டுப் பெயரும் அதில் இருந்தன. எழுதினார், சோதித்தார், மாற்றினார். அதற்குப் பிறகுதான் அவர்கள் வரிசையாக வந்து பஞ்ச் பண்ணினார்கள். பாதிப் பேர் பஞ்ச் பண்ணி வெளியே போய், நம்பிக்கை இல்லாமல் திரும்ப ஒருமுறை கார்டைக் காட்டிப் பச்சை எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். என் பதிவெல்லாம் குழம்பிப்போயிற்று. சந்தோஷமாகத் திருத்தினேன்.

யார் முன்கூட்டியே சொன்னது என்று ஒரு விசாரணை நடந்தது. எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள், ஓட்டைவாய் என்று பேரெடுத்த என்னை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

ஆனால் சர்வர் சாரை விடவில்லை. தலைமை அலுவலகத்தின் கம்ப்யூட்டர் ஆட்கள் அன்றைய பட்டியலை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இந்த மாதிரி மாற்றத்துக்கு எப்போதும் ஒரு கெடு உண்டாம். ஷிஃப்ட் முடிந்து அரை மணி நேரத்துக்குமேல் யாராவது பழைய பட்டியலைப் பிடித்துக்கொண்டிருந்தால், சர்வரே அவர்களை அறுத்துவிட வேண்டும் என்று ஒரு வரி. முந்தைய பட்டியல்கள் எல்லாவற்றிலும் அந்த வரி இருந்தது. வியாழக்கிழமை பதினொன்றே முக்கால் பட்டியலில் மட்டும் இல்லை.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்ததும் நான்தான். மறுநாள் பதிலை எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். தமிழில், அழகான கையெழுத்தில், ஒரே வரி: மேற்படி பட்டியலில் கெடு வைக்கும் வரியை எழுத மறந்துவிட்டேன். இரண்டு கடிகாரம் மாட்டிப் பார்த்த மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருக்கிற மனிதர், மறந்துவிட்டாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இது போதாது சார், இனிமேல் இப்படி நடக்காது என்று கீழே ஒரு வரி சேருங்கள், அது இருந்தால்தான் ஃபைலை மூடுவார்கள் என்றேன். வேலையைப் பற்றி பயமாக இருந்தது எனக்கு. அவர் பேனாவை எடுத்தார். காகிதத்தின் மேல் வைத்தார். பிறகு மூடியைப் போட்டு மறுபடி பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"அது வேணாம் மேடம். எழுதிக் குடுத்துட்டா, அடுத்த தடவ மறக்க முடியாது."